தாம்பாளம் கட்டிய கோல்கீப்பர்

நான் சொல்லப்போவதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தால், தம்பி, என் வாயில் மிச்சம் இருக்கிற பல் அத்தனையும் இப்பவே இந்த டீ கிளாசுக்குள் உதிரட்டும். சத்தியம். சத்தம் போட்டே சொல்கிறேன், அந்தப் பக்கத்துக் கடைக்காரருக்கும் கேட்கட்டும். டீ மாஸ்டர் சிரிக்கிறார், அவரைப் பார்க்காதீர்கள். அவருக்கு வெந்நீர் கொதித்தாலே சிரிப்பு வரும்.

அந்தப் பையை இப்படிப் பெஞ்சு மேல் வையுங்கள். ஒரு ஆளைச் சுருட்டி உள்ளே வைத்த மாதிரி இருக்கிறது. கோல்கீப்பர் சாமான்தானே? ஜிப்பைக் கொஞ்சம் இறக்குங்கள், பார்ப்போம். காலுக்குக் கட்டுகிறது. விரலால் அமுக்கினால் திரும்ப எழும்புகிறது. தலைக்கு ஒன்று, முகத்துக்குக் கம்பிக்கூடு, நெஞ்சுக்கு ஒன்று. நன்றாகத்தான் இருக்கிறது. பார்வைக்கு.

யார் வீட்டுக்கு என்று சொன்னீர்கள்? அன்னப்பழம் வீட்டுக்கா. சரிதான். அவள் இப்போது வீட்டில் இருக்க மாட்டாள். தெருப் பெண்பிள்ளைகள் எல்லோரையும் மட்டையும் கையுமாக ஓடவிட்டுக்கொண்டிருப்பாள். வெயில் தாழ்ந்துதான் வருவாள். உட்காருங்கள். அவளிடம் போகிறதுக்கு முன்னால் நீங்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். கோவில்பட்டியில் தெரு ஹாக்கிக்கு நிற்கிற கோல்கீப்பருக்குக் கவசம் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவன் ஒருத்தன்தான் இருந்தான். அவன் வாங்கிக்கொடுக்கிற டீயைத்தான் நீங்கள் குடிக்கப்போகிறீர்கள். மாஸ்டர், தம்பிக்கு ஒரு டீ. கணக்கில் எழுதிக்கொள்ளும்.

புல் தரை எல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு. நாங்கள் தெருவில் ஆடினோம். எங்கள் செக்கடித் தெரு எப்படிப்பட்ட தெரு என்றால், ரோடு போடுகிறோம் என்று சல்லியைக் கொட்டிவிட்டுப் போனவர்கள் திரும்பி வராத தெரு. ஒரு கோல் விளக்குக் கம்பத்துக்கும் கவிழ்த்துப் போட்ட ஆட்டுரலுக்கும் நடுவில். பந்து சல்லியில் பட்டுவிட்டால் அப்புறம் எந்தப் பக்கம் திரும்பும் என்று பந்துக்கே தெரியாது. கோல்கீப்பருக்கு எப்படித் தெரியும்?

எங்களுக்கு எதிர் அணி பஞ்சுப்பேட்டை. வருஷா வருஷம் சித்திரையில் ரெண்டு தெருவுக்கும் போட்டி, ஒரு கோப்பை. முந்தின ரெண்டு வருஷமும் அவர்களே கொண்டுபோய்விட்டார்கள். மூன்றாவது வருஷமும் ஜெயித்தால் கோப்பை அவர்களுக்கே சொந்தம், திருப்பித் தர வேண்டியதில்லை என்று ஒரு விதி. அவர்கள் அதற்குக் கண்ணாடி அலமாரியே செய்துவிட்டார்கள். அலமாரிக்குப் பூட்டும் வாங்கிவிட்டார்கள்.

அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்றால், சூசை. சூசை அடிக்கிற அடியை நீங்கள் பார்த்ததில்லை. ஒரு தடவை அவன் அடித்த பந்து ஜின்னிங் பாக்டரிச் சங்கில் போய்ப் பட்டு, சங்கு ஊதிவிட்டது. ஷிப்ட்டு முடிந்தது என்று ஆட்கள் எல்லோரும் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். முதலாளி வந்து பார்த்தால் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன்.

அப்படிப்பட்ட சூசைக்கு முன்னால் நிற்க எங்கள் தெருவில் ஒரே ஆள்தான். வெயிலுமுத்து. என் கூடப்பிறந்த தங்கச்சி தங்கபுஷ்பத்தின் மகன். தீப்பெட்டி ஆபீசில் பண்டல் கட்டுகிற வேலை. கை வேகம் என்றால் அப்படி ஒரு வேகம், பறக்கிற ஈயை ரெக்கையைப் பிடித்து நிறுத்தி, எங்கே போகிறாய் என்று கேட்டுவிட்டு விடுவான்.

அந்த வருஷம் அவனுக்குக் கல்யாணம் கூடி வந்தது. பெண்தான் அன்னப்பழம். விளாத்திகுளத்துப் பிள்ளை. அவளுடைய அப்பா தவசிமுத்து அங்கே பாத்திரக்கடை வைத்திருந்தார். எல்லாம் பொருந்தி வந்தது, ஒரு விஷயத்தைத் தவிர. அவளுடைய அக்கா புருஷன் ஞானதுரை ஒரு காலத்தில் இதே பஞ்சுப்பேட்டைக்குக் கோல்கீப்பராக நின்றவர். முன்பல் நாலையும் எங்கள் சல்லியில் விட்டுவிட்டுப் போனவர். முறுக்கைக் காப்பியில் ஊறவைத்துத்தான் சாப்பிடுவார். அவர் பேசினால் எதிரே நிற்கிறவர் கையில் துண்டு இருக்க வேண்டும். இதைத் தினமும் பார்த்து வளர்ந்த பிள்ளை என்ன செய்யும்? நாங்கள் பெண் பார்க்கப் போன அன்றைக்குத் தட்டை வெயிலுமுத்துவின் முன்னால் நீட்டி, "முறுக்கு எடுத்துக்கோங்க. கடிச்சுச் சாப்பிடுங்க" என்றாள். கடித்தான். சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

தவசிமுத்து அதோடு விடவில்லை. அவர் வியாபாரி. "தாலி கட்டுற அன்னைக்கும் மாப்பிள்ளை எங்க முன்னால இதே மாதிரி முறுக்கு கடிக்கணும். இல்லைன்னா பந்தலைப் பிரிச்சிருவேன்" என்று சபையில் சொல்லிவிட்டார். நாங்களும் ஒத்துக்கொண்டோம். அப்போது யாருக்கும் தேதி நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோப்பைப் போட்டி. அடுத்த வியாழன் முகூர்த்தம்.

தங்கபுஷ்பம் மகனை வீட்டுக்குள் வைத்து வாசலில் உட்கார்ந்துகொண்டாள். அவள் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். "அண்ணே, உனக்குக் கோப்பை வேணும்னா நீ போயி நில்லு. என் பிள்ளையை விட்டுரு." நான் நின்றிருப்பேன். எனக்கு மேற்பார்வை வேலை இருந்தது. வெயிலுமுத்துவைக் கேட்டேன். அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மாமா, எனக்கு அவளும் வேணும், கோப்பையும் வேணும். ரெண்டுல ஒண்ணுன்னா அவதான்" என்றான். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா வேற ஆளை நிறுத்தினா சூசை அவனைக் கொன்னுருவானே" என்றான். நல்ல பிள்ளை.

நான் தங்கச்சியிடம் வாக்குக் கொடுத்தேன். கவசம் என் பொறுப்பு. உன் மகன் பல்லில் ஒன்று ஆடினால்கூட என் பல்லைப் பிடுங்கி உன் கையில் தருகிறேன். அந்த வாக்கை நம்பித்தான் அவள் வாசலை விட்டு எழுந்தாள்.

முதலில் மதுரைக்குப் போனேன். உங்கள் கடை மாதிரி பெரிய கடைதான், பேர் வேண்டாம். காலுக்குக் கட்டுகிற ஒன்றை எடுத்துப் போட்டார்கள். நான் பையிலிருந்து தேங்காயை எடுத்தேன். என் சோதனை அதுதான். கவசத்துக்குப் பின்னால் தேங்காயை வைத்து, முன்னால் ஓங்கி அடிக்க வேண்டும். தேங்காய் உடைந்தால் கவசம் உதவாது. எவ்வளவு எளிய சோதனை பாருங்கள். நான் மட்டையை ஓங்கினதும் கடைக்காரர் என்னை வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டார். தேங்காயையும் பின்னாலேயே கொடுத்தனுப்பினார். தன் சரக்கு மேல் அவருக்கே நம்பிக்கை இல்லை என்றால் நான் என்ன செய்ய?

சரி, நம் ஊர்ச் சரக்கையே பார்ப்போம் என்று சாக்கில் பருத்திக்கொட்டையை அடைத்து, ரெண்டு காலிலும் கட்டினேன். தேங்காய் உடையவில்லை. ஆனால் பருத்திக்கொட்டை வாசனை எருமைக்கு எட்டு வீட்டுக்கு அப்பால் வரும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. முதல் நாள் பயிற்சியில் மூன்று எருமைகள் கோலுக்குள் வந்துவிட்டன. வெயிலுமுத்து பந்தைத் தடுப்பானா, எருமையைத் தடுப்பானா? ஒன்று அவன் கால் சாக்கைக் கவ்விக்கொண்டு சாத்தூர் ரோடு வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. போகிற வழியிலும் அவன் ஒரு பந்தைத் தடுத்தான், அதைச் சொல்ல வேண்டும்.

அடுத்தது அவன் வேலை பார்க்கிற இடத்திலேயே கிடைத்தது. கழித்துப் போட்ட தீக்குச்சி, மூட்டை மூட்டையாக. சும்மா கிடந்தது. இதழ் இதழாக அடுக்கித் தைத்தால் மரப்பலகைக்கு மரப்பலகை, லேசுக்கு லேசு. மருந்து வைத்த குச்சி ஆச்சே என்று ரெண்டு பேர் கேட்டார்கள். நான் பெட்டியை எடுத்துக் காட்டினேன். பாதுகாப்புத் தீப்பெட்டி என்று பெட்டி மேலேயே அச்சடித்திருக்கிறது. இந்த ஊரில் பிறந்தவன் அதை நம்பாமல் வேறு எதை நம்புவான்? முதல் பந்து உரசிக்கொண்டு போனது. வெயிலுமுத்து எரிந்துகொண்டே ரெண்டாவது பந்தையும் தடுத்துவிட்டுத்தான் ஓடிப்போய்த் தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்தான். கால் முடி போனதோடு சரி. பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் வாக்கு பல்லுக்குத்தான்.

இப்படி இருக்கும்போதுதான் வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்துப் பெண்வீட்டுச் சீர் வந்து இறங்கியது. பாத்திரக்கடைக்காரர் பெண்ணுக்குக் கொடுக்கிற சீர் எப்படி இருக்கும்? ஒரு லாரி. ஒவ்வொரு பாத்திரமாகத் தவசிமுத்துவே இறக்கினார். விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டி, அந்த ஓசை அடங்குகிற வரைக்கும் காதைச் சாய்த்துக் கேட்டு, அப்புறம்தான் உள்ளே அனுப்பினார். எல்லாவற்றிலும் விளிம்பில் 'த. அன்னப்பழம்' என்று புள்ளிப் புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. ஒரு பெரிய பித்தளைத் தாம்பாளத்தை என் கையில் கொடுத்து, "தட்டிப் பாருங்க அண்ணாச்சி. யானை மிதிச்சாலும் நசுங்காது" என்றார்.

அவர் வாயால் சொன்னார், தம்பி. நானாக நினைத்துக்கொள்ளவில்லை.

சீர் இருந்த அறைச் சாவி என்னிடம்தான் இருந்தது. பொறுப்பான ஆள் என்று தங்கச்சி கொடுத்தாள். சனிக்கிழமை எல்லோரும் பத்திரிகை வைக்கப் போனபோது நான் உள்ளே போய்த் தாம்பாளத்தைச் சுவரோரம் நிறுத்தி, பின்னால் தேங்காயை வைத்து, முன்னால் ஓங்கி ஒரு போடு போட்டேன். தேங்காய் அப்படியே இருந்தது. தாம்பாளத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. நடுவில் கொஞ்சம் குழிந்தது, அவ்வளவுதான். குழிந்ததும் நெஞ்சுக்கு இன்னும் வாகாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வெயிலுமுத்துவை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய் நானே கட்டிவிட்டேன். சாமானைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது. "மாமா, இது அவ சாமான்" என்றான். அவள் சாமான் அவள் புருஷனைக் காப்பாற்றாமல் யாரைக் காப்பாற்றும் என்று கேட்டேன். தொடைக்கு ரெண்டு இலவம்பஞ்சுத் தலையணை, கிளிப்படம் போட்ட உறையோடு. நெஞ்சுக்குத் தாம்பாளம். தலையில் ஒரு பித்தளைச் சருவச்சட்டியைக் கவிழ்த்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. முகத்துக்குத்தான் யோசனை. காற்றும் போக வேண்டும், பந்தும் நுழையக் கூடாது. சோறு வடிக்கிற வடிதட்டு. ஓட்டை ஓட்டையாக, எவ்வளவு பொருத்தம் பாருங்கள். சருவச்சட்டியோடு சேர்த்துத் தேங்காய்க் கயிற்றால் ஒரு முடிச்சுப் போட்டேன். என் முடிச்சை அவிழ்க்க ஆள் கிடையாது.

"மாமா, ஒண்ணுமே தெரியலையே" என்றான் உள்ளேயிருந்து.

"உனக்கு எதுக்குல தெரியணும்? பந்துக்கு உன்னைத் தெரிஞ்சாப் போதும்" என்றேன்.

அவன் தெருவில் இறங்கினதும் கூட்டம் அமைதியாகிவிட்டது. பயபக்தி. வெயில் அவன் மேல் பட்டு எதிரே நிற்கிறவன் கண்ணெல்லாம் கூசியது. நான் திட்டமிட்டது அது. அம்பயர் மட்டும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, தெரு ஆட்டத்தில் பாத்திரம் கூடாது என்று விதி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

முதல் பாதியில் ரெண்டு கோல் விழுந்தது. அதைப் பற்றி ஆளாளுக்குப் பேசினார்கள். கவசத்தால் விழுந்தது என்று பேசினவர்களும் உண்டு. நடந்தது என்னவென்றால், சூசையின் பந்து தாம்பாளத்தில் பட்டதும் பெரிய கோயில் மணி மாதிரி ஓசை எழும்பியது. அந்த ஓசை சருவச்சட்டிக்குள் போய்ச் சுற்றிக்கொண்டிருந்தபோது வெயிலுமுத்து கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டே நின்றான். வலது பக்கம் வருகிறான், வலது பக்கம் வருகிறான் என்று எங்கள் ஆட்கள் கத்தினது அவனுக்குக் கேட்கவில்லை. ஓசை அடங்குகிற வரைக்கும் சூசை பொறுத்திருக்கலாம். அவசரப்பட்டு அடுத்த பந்தை அடித்துவிட்டான். இதில் கவசம் என்ன செய்யும்? நல்ல வேளை, எங்கள் பையன்களும் ரெண்டு போட்டுச் சமன் செய்தார்கள்.

இங்கேதான் விதி ஞானதுரையின் ரூபத்தில் வந்தது. பல் போனாலும் அந்த மனுஷனுக்கு ஹாக்கி ஆசை போகவில்லை. கல்யாணப் புடவை எடுக்க வந்த சாக்கில், மாமனார், சம்சாரம், கொழுந்தியாள் அன்னப்பழம் எல்லோரையும் தெருமுனைக்குக் கூட்டி வந்துவிட்டார். அவர்களுக்குக் கூட்டத்தின் முதுகுதான் தெரிந்தது. தவசிமுத்து சர்பத் குடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஒரு ஓசை வந்ததும் கிளாசைக் கீழே வைத்தாராம். ரெண்டாவது ஓசைக்குக் காதைச் சாய்த்தாராம். "இது நம்ம கடைத் தாம்பாளம்ல" என்றாராம்.

இடைவேளையில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். நேராக வெயிலுமுத்துவின் முன்னால் வந்து நின்று, விரல் முட்டியால் அவன் நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டிக் கேட்டார். பிறகு தலையைத் திருப்பி விளிம்பில் இருந்த பேரைப் படித்தார். தலையைத் திருப்ப வேண்டியிருந்தது, ஏனென்றால் நான் தட்டைத் தலைகீழாகக் கட்டியிருந்தேன்.

"யாரு பாத்த வேலை இது?"

வெயிலுமுத்து வடிதட்டோடு என் பக்கம் ஒரு தடவை திரும்பினான். அப்புறம் அவரைப் பார்த்தான்.

"நாந்தான் மாமா."

பார்த்தீர்களா? இதைத்தான் நான் இத்தனை வருஷமாக மனதுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறேன். தேங்காயும் கையுமாக மதுரைக்கு அலைந்தவன் நான். எருமையைச் சமாளித்தவன் நான். கேட்ட ஒரு நொடியில் அத்தனை பெருமையையும் அவன் தன் பேரில் எழுதிக்கொண்டான். தவசிமுத்து பக்கத்தில் கிடந்த ஹாக்கி மட்டையை வேறு கையில் எடுத்து வைத்திருந்தார். எதற்கு எடுத்தாரோ. நானும் உடனே முன்னால் போய் உண்மையைச் சொல்லியிருப்பேன். குடும்பத்துக்குள் பெருமைக்குச் சண்டை வேண்டாம் என்று கம்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

தவசிமுத்து இப்போதே கழற்று என்றார். ஒரு பாத்திரம் இனிமேல் நசுங்கினாலும் வியாழக்கிழமை கல்யாணம் கிடையாது என்றார்.

இப்போது பாருங்கள் அவன் நிலைமையை. பாத்திரத்தோடு நின்றால் கல்யாணம் இல்லை. கழற்றிவிட்டு நின்றால் சூசை இருக்கிறான், பல் இருக்காது, அப்போதும் கல்யாணம் இல்லை. நிற்காமல் போனால் கோப்பை அலமாரிக்குள் போய்விடும். வெயிலுமுத்து சருவச்சட்டியைத் தூக்கினான். வடிதட்டும் கூடவே வந்தது. தாம்பாளத்தை அவிழ்த்து வேட்டியால் துடைத்து அவர் கையில் கொடுத்தான். வெறும் பனியனோடு மட்டையை எடுத்துக்கொண்டு கோலைப் பார்த்து நடந்தான்.

"வியாழக்கிழமை முறுக்கு கடிக்க முடியுமான்னு தெரியல மாமா. எங்க தெரு ஆளுங்களைப் பாதியில விட்டுட்டு வர முடியாது."

அப்போதுதான் அன்னப்பழம் கூட்டத்துக்குள்ளிருந்து வந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் பெண்பிள்ளை தெருவில் பத்துப் பேர் முன்னால் வந்து பேசுகிற காலம் இல்லை அது. அவள் பேசினாள்.

"அப்பா, பாத்திரம் நசுங்கினா நம்ம கடையிலயே தட்டி எடுத்துரலாம். பல்லைத் தட்டி எடுக்க நம்மகிட்ட ஆள் இருக்கா?"

ஞானதுரை ஏதோ சொன்னார். முன்னால் நின்றவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

"இதுல யார் பேருப்பா இருக்கு?" என்று கேட்டாள்.

"உன் பேருதான்" என்றார் தவசிமுத்து.

"அப்ப என் பாத்திரம். நான் கட்டிவிடுறேன்."

அப்பாவின் கையிலிருந்து தாம்பாளத்தை வாங்கிக்கொண்டாள். அவர் விட்டுவிட்டார். மட்டையையும் கீழே போட்டுவிட்டார்.

அவள் செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். சின்னச் சின்ன மாற்றம்தான். நான் போட்ட முடிச்சை அவிழ்க்க ஆள் கிடையாது என்று சொன்னேன் அல்லவா, அவள் கை பட்டதும் அவிழ்ந்தது. மரியாதை தெரிந்த முடிச்சு. சருவச்சட்டியை ஓரமாக வைத்துவிட்டு, "காது கேக்கணும்" என்று சொல்லித் துண்டை நாலாக மடித்துத் தலையில் இறுக்கிக் கட்டினாள். "பயம் பல்லுக்குத்தானே, கண்ணை எதுக்கு மூடணும்" என்று வடிதட்டைக் கீழே இறக்கி, மூக்கிலிருந்து தாடை வரைக்கும் வருகிற மாதிரி வைத்துப் பின்னால் முடிந்தாள். தொடையில் இருந்த தலையணையை முழங்காலுக்குக் கீழே கொண்டுவந்தாள். தாம்பாளத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு போர்வையை மடித்து வைத்தாள், ஓசை வராமல். அதே சாமான்கள்தான். நான் தேர்ந்தெடுத்தவைதான். இடத்தைக் கொஞ்சம் மாற்றினாள், அவ்வளவுதான்.

தாம்பாளத்தைக் கட்டும்போது அவள் மெதுவாகக் கேட்டது எனக்குக் கேட்டது, நான் கம்பத்துக்குப் பின்னாலேயேதான் இருந்தேன். "இத்தனை தட்டு இருக்கையில என் பேரு போட்ட பெருசைத் தேடி நெஞ்சுல கட்டினீங்களாக்கும்?" வடிதட்டுக்கு மேல் வெயிலுமுத்துவின் கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. எல்லாத் தட்டிலும்தான் அவள் பேர் இருந்தது. பெரியது என்று எடுத்தேன்.

இரண்டாம் பாதியில் சூசை அடித்த ஒன்றுகூட உள்ளே போகவில்லை. என் கவசத்தின் அருமை அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. எங்கள் பையன்கள் மூன்றாவது கோலும் போட்டார்கள். கடைசி நேரத்தில் யாரோ காலைத் தட்டிவிட்டதாகச் சொல்லி அம்பயர் பெனால்டி ஸ்ட்ரோக் கொடுத்துவிட்டார். சூசை மட்டும், வெயிலுமுத்து மட்டும், நடுவில் பந்து. நான் கம்பத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, பக்கத்திலேயே நின்று மேற்பார்வை பார்த்தேன்.

சூசை அடித்தான். பந்து சல்லியில் பட்டு முகத்துக்கு நேராக எழும்பியது. வெயிலுமுத்து நகரவில்லை. வடிதட்டில் பட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பட்ட பந்து கம்பத்துப் பக்கம் திரும்பியது. அது பெரிதாகிக்கொண்டே வந்தது வரைக்கும் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. அதற்கப்புறம் பார்த்தால் எல்லோரும் என் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். ஜெயித்த சந்தோஷம், வேறென்ன.

தவசிமுத்து மாப்பிள்ளையின் தாடையைப் பிடித்து, சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி வாயைத் திறந்து பார்த்தார். மேல் வரிசை, கீழ் வரிசை. விரலை வைத்து ஆட்டியும் பார்த்தார். அப்புறம் தோளில் தட்டினார், காதைச் சாய்க்காமல். என் தங்கச்சி மட்டும் மகனை விட்டுவிட்டு என்னிடம் வந்து குனிந்து என் வாயைப் பார்த்து, "கேக்காமலேயே குடுத்துட்டியே அண்ணே" என்றாள். எதைச் சொன்னாள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இல்லை இல்லை, என் வாயை ஏன் பார்க்கிறீர்கள்? இது கல்யாணத்து முறுக்கு கடித்துப் போனது. அதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. வியாழக்கிழமை பந்தலில் வெயிலுமுத்து முறுக்கு கடித்த சத்தத்தில் மேளம் நின்றுவிட்டது. எனக்கு மட்டும் அன்னப்பழம் ஒரு கிண்ணத்தில் காப்பியில் ஊறவைத்த முறுக்கு கொடுத்தனுப்பினாள், பெரியப்பாவுக்கு என்று சொல்லி. ஞானதுரைக்குப் பக்கத்தில் இலை போட்டிருந்தார்கள். பெரிய இடம்.

அந்த வடிதட்டில் வெயிலுமுத்துவின் மூக்கு அப்படியே பதிந்திருக்கிறது. இன்றைக்கும் அதில்தான் அந்த வீட்டில் சோறு வடிக்கிறாள். தட்டி எடுக்கவிடவில்லை. சருவச்சட்டியைத் தவசிமுத்து கேட்டு வாங்கிக்கொண்டுபோய்த் தன் கடை வாசலில் தொங்கவிட்டார், சூசை அடித்தும் ஓட்டை விழாதது என்று எழுதி. அப்புறம் சூசையே தன் மகள் கல்யாணத்துக்கு அங்கே வந்துதான் பாத்திரம் எடுத்தான். யானை பற்றித் தவசிமுத்து அதற்கப்புறம் பேசுவதே இல்லை.

இப்போது அன்னப்பழம்தான் பிள்ளைகளுக்குக் கவசம் தேர்ந்தெடுக்கிறாள். உங்களை மாதிரி மதுரையிலிருந்து எத்தனையோ பேர் வருகிறார்கள். எல்லாவற்றையும் தேங்காய் வைத்துச் சோதிக்கிறாள். தேங்காய். அது யார் கண்டுபிடித்தது என்று ஒரு வார்த்தை சொல்வாளா? நான் அந்தச் சாமான் அறைப் பக்கம் போனால் கதவைச் சாத்திவிட்டு, "பெரியப்பா, காப்பி குடிக்கிறீங்களா" என்று கேட்கிறாள். இந்த ஊரில் அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்திலும் யாரும் என்னிடம் சாவி கொடுத்ததில்லை.

போகட்டும். அவள் இன்னும் அந்தத் தாம்பாளத்தைப் புருஷன்தான் தேடி எடுத்துக் கட்டினான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். கோபம் வந்தால் அதைப் பார்த்துத்தான் ஆறுவாளாம். அவனும் வாயைத் திறக்கிறதில்லை. நானும் திறக்கிறதில்லை. உங்களுக்குத்தான் முதல் தடவையாகச் சொல்கிறேன். மாஸ்டர் ஏதோ போன மாசம் வந்த ஆளைப் பற்றிச் சொல்கிறார், காதில் வாங்காதீர்கள்.

வெயில் இறங்கிவிட்டது, கிளம்புங்கள். மூன்றாவது சந்து, பச்சைக் கதவு. முறுக்கு தருவாள், கடித்துச் சாப்பிடுங்கள், பார்த்துக்கொண்டிருப்பாள். போகும்போது ஒரு தேங்காயும் வாங்கிக்கொள்ளுங்கள், நல்ல முற்றலாக. ஆனால் ஒன்று, தம்பி. தாம்பாளத்து விஷயத்தை நான் சொன்னதாக மட்டும் அங்கே மூச்சு விடக் கூடாது. யார் சொன்னார் என்று கேட்டால் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாரோ பேசிக்கொண்டு வந்தார்கள் என்று சொல்லிவிடுங்கள். நம்ப மாட்டாள். முன்பல் ரெண்டும் இல்லாத பெரியவரா என்று கேட்பாள்.

அப்படி ஒருத்தரைப் பார்க்கவே இல்லை என்று சொல்லுங்கள்.